புஷ்ஷுக்கு எந்த மஞ்சள், உளிக்கு எந்த இரும்பு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டு எழுதுகிறேன். புதிதாக ஒரு பழைய லேத் வாங்கிப் பட்டறை போட்டிருக்கிறீர்கள். பக்கத்துச் செம்பனை மில்லிலிருந்து கன்வேயர் தொங்கு பேரிங்குக்கு ஆறு புஷ் (சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் உருளை வளையம்) கடைந்து தரச் சொல்லி, தேய்ந்துபோன மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மாதிரி மஞ்சளாக இருக்கிறது. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே 'தெம்பாகா' என்று ஒரு கம்பியைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்கிறார், பிரான்ஸ், அதாவது வெண்கலம் கேட்டால் விலை இரண்டு மடங்கு சொல்கிறார். இது முதல் கேள்வி. செம்பனைக் குலை வெட்டும் உளி அடிக்க லோரிப் பட்டை (லோரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை) போதுமா, இல்லை டி2 என்கிற 'ஆக உயர்ந்த' இரும்பை வாங்கியே ஆகவேண்டுமா என்பது இரண்டாவது. மூன்றாவது, அப்பாவின் கருவிப்பெட்டியில் கிடைத்த மஞ்சள் நிறச் சுத்தியல். மூன்று என்று எழுதியிருந்தாலும் மூன்றிலும் நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எது நல்ல உலோகம்? அப்படிக் கேட்டால் தவுக்கே விலை அதிகமானதைக் காட்டுவார், அவ்வளவுதான். புஷ் என்றால் ஷாஃப்ட் தேயாமல் இருக்க வேறு எது தேய வேண்டும் என்று கேளுங்கள். உளி என்றால் அதைப் பிடிக்கிறவர் காட்டில் எதை வைத்துத் தீட்டப் போகிறார் என்று கேளுங்கள். பாதி விடை தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. ரப்பர்ப் பால் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம், பிறகு பேராவில் இரண்டு செம்பனை மில்களில் 23 வருடம் ஃபிட்டராக இருந்தவன். இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத்தும் ஒரு சின்ன உலையும் வைத்திருக்கிறேன். உலோகவியல் பட்டம் எல்லாம் கிடையாது. எண்களைக் கையேடுகளில் பார்த்துப் பழகினேன், மற்றதைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் பணம் போகப்போவதே அதில்தான். மலாயில் தெம்பாகா என்றால் செம்பு. ஆனால் கடைப் பேச்சில் பித்தளையும் தெம்பாகாதான். நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மஞ்சளாக இருந்தால் எல்லாமே பித்தளை. செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. செம்போடு டின் சேர்ந்தது வெண்கலம், கடை மொழியில் பிரான்ஸ். இந்த டின்னைத்தான் நாம் இங்கே ஈயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிந்தாப் பள்ளத்தாக்கு ஈய லம்பம் என்று தாத்தாமார்கள் சொன்னது டின் சுரங்கத்தை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் டின்தான். ஆனால் கார் பேட்டரியில் இருக்கும் ஈயம் முற்றிலும் வேறு, அது காரீயம். புஷ் விஷயத்தில் இரண்டுமே வருவதால் இனி வெள்ளீயம், காரீயம் என்றே எழுதுகிறேன். விலை வித்தியாசத்துக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: துத்தநாகம் செம்பைவிட மலிவு, வெள்ளீயம் செம்பைவிட நல்ல விலை. தவுக்கே உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், அவருக்கு இரண்டும் எடை போட்டு விற்கிற மஞ்சள் கம்பி.

தவுக்கே காட்டிய கம்பி அநேகமாக லேத்துக்கு என்றே செய்யப்பட்ட பித்தளையாக இருக்கும். சுமார் 60 சதவீதம் செம்பு, 35-க்கு மேல் துத்தநாகம், 3 சதவீதம் வரை காரீயம். கடைவதற்கு அதைப் போல சுகமான உலோகம் கிடையாது. சீவல் சுருளாக வராது, ரவை கொட்டுவது போல் பொலபொலவென்று கொட்டும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வரும். குழாய் இணைப்பு, வால்வுத் தண்டு, நட்டு இதற்கெல்லாம் அது அருமையான பொருள். சுழலும் ஷாஃப்டைத் தாங்குவதற்கு மட்டும் அது ஆள் இல்லை. நான் மில்லில் சேர்ந்த புதிதில் இதே தவறைச் செய்தேன். ஸ்டோரில் பிரான்ஸ் தீர்ந்துபோயிருந்தது, பளபளவென்று ஒரு பித்தளைக் கம்பி கண்ணில் பட்டது, கன்வேயருக்கு இரண்டு புஷ் கடைந்து போட்டுவிட்டு என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று வாரத்தில் ஃபோர்மேன் அதைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்தில் இருந்தது, கீழ்ப்பக்கச் சுவர் ஓலை மாதிரி மெலிந்து விரலால் அழுத்தினால் வளைந்தது. "அழகா கடைஞ்சிருக்க, காதுல போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்கலம் ஏன் தாங்குகிறது என்றால், வெள்ளீயம் செம்புக்குள் கரைந்து அதைக் கெட்டியாக்குவதோடு நிற்பதில்லை, வார்க்கும்போது சின்னச் சின்னக் கடினமான துகள்களாகவும் ஆங்காங்கே நின்றுகொள்கிறது. மென்மையான மண்ணில் கருங்கல் ஜல்லி பதித்த மாதிரி. ஷாஃப்டின் பாரத்தை ஜல்லி தாங்கும், சுற்றியிருக்கும் மென்மையான பகுதி லேசாகக் குழிந்து எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதோடு காரீயமும் சேர்ந்தால் இன்னொரு வசதி. காரீயம் செம்பில் கரையாது, துளித்துளியாகத் தனியே நிற்கும். மணலோ நார்த்தூசியோ உள்ளே போனால் அந்த மென்மையான இடத்தில் புதைந்துவிடும், ஷாஃப்டைக் கீறாது. கிரீஸ் ஒரு நாள் மறந்துபோனாலும் காரீயமே கொஞ்ச நேரத்துக்கு மசகாக நிற்கும். மில் கன்வேயரில் மணல் வராத நாள் உண்டா, கிரீஸ் மறக்காத ஷிஃப்ட்தான் உண்டா? அதனால் உங்கள் வேலைக்குச் சரியானது எஸ்ஏஇ 660 என்று விற்கும் வெண்கலம்: செம்பு 83, வெள்ளீயம் 7, காரீயம் 7, துத்தநாகம் 3. அது கிடைக்காவிட்டால் எல்ஜி2 என்கிற கன்மெட்டல், செம்பு 85, மற்ற மூன்றும் ஐந்தைந்து. நடுவில் துளையோடு குழாயாக வார்த்தே விற்கிறார்கள், அதைக் கேளுங்கள். முழுக்கம்பி வாங்கி நடுவைத் துளைத்துச் சீவலாகக் கொட்டினால் கொட்டுவது உங்கள் காசு.

கடையில் 'இதைவிட நல்லது' என்று பாஸ்பர் பிரான்ஸையும் அலுமினிய பிரான்ஸையும் காட்டுவார்கள். இரண்டும் வலுவானவை என்பதில் சந்தேகமே இல்லை. நிக்கல் சேர்ந்த அலுமினிய வெண்கலத்தில்தான் கப்பல் விசிறிகளையே வார்க்கிறார்கள். ஆனால் வலுவான புஷ் போட்டால் தேய்மானம் எங்கே போகும்? ஷாஃப்டுக்குப் போகும். மில் கன்வேயர் ஷாஃப்ட் பெரும்பாலும் சாதாரண மைல்ட் ஸ்டீல், பதம் ஏற்றாதது, அதாவது சூடாக்கித் தோய்த்துக் கெட்டியாக்காதது. அதில் அலுமினிய வெண்கலம் போட்டால் புஷ் புதுசு மாதிரியே இருக்கும், ஷாஃப்ட் பள்ளம் விழுந்து நிற்கும். புஷ் மாற்ற அரை நாள், ஷாஃப்ட் மாற்ற எத்தனை நாள் என்று மில் இன்ஜினியரிடம் கேட்டால் அவர் முகமே பதில் சொல்லும். ஷாஃப்டுக்குப் பதம் ஏற்றியிருக்கிறதா என்று தெரியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு நல்ல அரத்தை ஷாஃப்ட் ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். கடித்தால் மென்மை, வழுக்கினால் கெட்டி.

மாதிரி எது என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது தம்பி, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கையில் இருந்தால் ஓரளவு சொல்லலாம். ஒரு மூலையில் அரம் போட்டுப் புது மேற்பரப்பைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், வெண்கலத்தில் செம்மை கலந்திருக்கும், அலுமினிய வெண்கலம் தங்கத்தைப் போல மினுங்கும். பித்தளைத் துண்டை கேஸ் டார்ச்சில் நன்றாகச் சூடாக்கினால் வெள்ளைப் புகை கிளம்பும், அது துத்தநாகம்; 907 டிகிரியிலேயே அது கொதித்துவிடும், செம்பு உருகுவதே 1085-இல்தான். அந்தப் புகையை மட்டும் மூக்கில் இழுத்துவிடாதீர்கள். சாயந்திரம் வரை ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகு நடுக்கலோடு காய்ச்சல் வரும், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டிங் ஆட்கள் சொல்வது வெறும் நம்பிக்கை. காற்றோட்டமான இடத்தில் செய்வதுதான் மருந்து. இந்தச் சோதனையெல்லாம் குடும்பப் பெயரைத்தான் காட்டும், எந்த ரகம் என்று சொல்லாது. ரகம் வேண்டுமென்றால் பெரிய பழைய சாமான் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் சில நொடியில் எத்தனை சதவீதம் எது என்று திரையில் காட்டும். பழைய சாமான் போட்டுப் பழகியவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் இன்ஜினியரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: இந்த புஷ் எண்ணெயில் நனையுமா? செம்பும் செம்பு கலந்த எதுவும் சமையல் எண்ணெய்க்கு ஆகாது. மிகக் கொஞ்சம் கரைந்தாலே போதும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு நாற்றம் எடுத்துவிடும். எண்ணெயைச் சேமிப்பது, ஏற்றிச் செல்வது பற்றி கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பு 1987-இல் வெளியிட்ட நடைமுறை விதி, எண்ணெய் படும் இடத்தில் பித்தளை, வெண்கலம், கன்மெட்டல் எதுவும் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நார், கொட்டை போகும் கன்வேயர் என்றால் வெண்கலம் தாராளமாகப் போடலாம். எண்ணெய் பம்ப், டேங்க் வால்வு என்றால் ஸ்டெய்ன்லெஸ் அல்லது வார்ப்பிரும்புதான். பழக் கன்வேயர் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பல மில்களில் வெண்கலம் போட்டே ஓட்டுகிறார்கள், சில இன்ஜினியர்கள் நைலான் கேட்பார்கள். அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டாம், அவரிடம் கேட்டு ஆர்டர் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே செம்புப் பகை ரப்பர்ப் பாலுக்கும் உண்டு, அதை நான் அடிபட்டுக் கற்றேன். பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றி வைப்பார்கள், பால் கொட்டாய்ப் பக்கம் போனவர்களுக்கு அந்த நெடி தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் அவசரத்துக்கு யாரோ ஒரு பித்தளைக் குழாய்த் திருகை மாட்டிவிட்டார்கள். அதை நன்றாக முறுக்கியும் இருந்தார்கள். சில நாள் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தால் தரையெல்லாம் பால், திருகு கழுத்தில் மயிரிழை மாதிரி நீளமாக விரிசல். யாரும் தட்டவில்லை, இடிக்கவில்லை. இழுவிசையில் இருக்கும் பித்தளைமேல் அமோனியாவும் ஈரமும் பட்டால் அது தானாகவே பிளக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடித்துக் கிடந்தனவாம், பக்கத்தில் இருந்த குதிரை லாயத்துச் சிறுநீரின் அமோனியாதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதனால் ஆங்கிலத்தில் இந்த விரிசலுக்குப் பெயரே பருவ விரிசல். இது போக, பாலில் கரையும் செம்பு ரப்பரையே சீரழித்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். பால் கொட்டாய் வேலை எப்போதாவது வந்தால் பித்தளையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசலில் ஒரே ஒரு விஷயம். புஷ்ஷை வெளிக்கூட்டில் அழுத்தி ஏற்றினால் உள்துளை சுருங்கும். முதலிலேயே கணக்காகத் துளை போட்டுவிட்டு அழுத்தினால் ஷாஃப்ட் நுழையாது. கொஞ்சம் குறைவாக விட்டு, அழுத்திய பிறகு கடைசி அளவுக்கு எடுங்கள். 50 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி நல்ல தொடக்கம். நீராவி, சூடு உள்ள இடமானால் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள், வெண்கலம் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும்.

அடுத்து உளி. டி2 பற்றி நீங்கள் படித்தது பொய் இல்லை. ஒன்றரை சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம், உள்ளே கண்ணாடித் துகள் மாதிரி கார்பைடு என்கிற கடினமான மணிகள். தகடு வெட்டும் அச்சுக்கு, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் வெட்டும் வேலைக்கு அதை மிஞ்ச ஆள் குறைவு. ஜப்பான் பெயர் எஸ்கேடி11, அசாப் கம்பெனி வைத்த பெயர் எக்ஸ்டபிள்யூ-41, கடையில் எந்தப் பெயரில் சொன்னாலும் ஏறக்குறைய இதுதான். ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதும் அடியைத் தாங்குவதும் வேறு வேறு குணம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். குலை வெட்டும் உளியின் பிழைப்பு என்ன என்று யோசியுங்கள். நீளமான குழாயில் மாட்டி, மட்டையின் அடியில் ஓங்கிக் குத்துவார்கள், சிக்கினால் பக்கவாட்டில் நெம்புவார்கள், தவறினால் கல்லில் படும். நான் ஆசையாக டி2-வில் ஒன்று செய்து, பதம் போடும் கடைக்கு அனுப்பி, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 வாங்கி, தெரிந்த வெட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். முதல் நாள் சவரக்கத்தி மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் இரண்டு துண்டாகத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரை மாதிரி இருந்தது, வளைந்த அடையாளமே இல்லை. அதைவிட அவர் சொன்ன இன்னொரு குறைதான் எனக்கு உறைத்தது: "அண்ணே, அரம் பிடிக்கல."

அதுதான் விஷயம். வெட்டுக்காரர் கையில் காட்டில் இருப்பது ஒரு அரம், கூடிப்போனால் ஒரு சாணைக்கல். அரத்தின் கடினம் ராக்வெல்லில் 60-க்கு மேல். உளி அதன் அருகில் போய்விட்டால் அரம் வழுக்கும், மழுங்கிய உளியோடு அவர் நாள் முழுக்கக் குத்த வேண்டும், கூலி குலைக் கணக்கில். ஆகவே உளிக்கு 48 முதல் 52 வரை போதும். சீக்கிரம் மழுங்கும், மழுங்கட்டும், பத்து இழுப்பில் திரும்பக் கூர்மை வந்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது பட்டையை மெல்லிசாகச் சீவுகிற கருவி, தினமும் கல்லில் தீட்டுகிறார்கள், அதற்கு இன்னும் கெட்டியான விளிம்பு வேண்டும்.

அந்த 50-ஐத் தருவதற்கு லோரிப் பட்டை நன்றாகவே போதும். பெரும்பாலும் எஸ்யுபி9 அல்லது அதன் உறவுக்கார இரும்பு: 0.55-ஐ ஒட்டிய கார்பன், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குரோமியமும் மாங்கனீசும். காலமெல்லாம் குழியில் விழுந்து எழுவதற்கென்றே பிறந்த இரும்பு. 'பெரும்பாலும்' என்று சொன்னதைக் கவனியுங்கள். பழைய சாமான் கடைப் பட்டை எந்த லோரியில் இருந்தது, எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் உள்ளே இருக்கலாம். அதனால் ஒரு பட்டை வாங்கியதும் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, ஆறிய பிறகு அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கினால் பதம் பிடிக்கிற இரும்பு. பிறகு வைஸில் பிடித்து, மேலே சாக்குத் துணி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் பட்டுத்துணி மாதிரி மெல்லிய சாம்பலாக இருந்தால் சூடு சரி. கற்கண்டு மாதிரி பெரிய பெரிய மணியாக மின்னினால் சூடு கூடிப்போய்விட்டது. பட்டையின் நடுத்துளைப் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சூடு எவ்வளவு என்பதற்குக் கருவி இல்லாவிட்டால் காந்தம் போதும். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்துக்குப் பிடி கொடுக்காமல் விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு படி, 840 அளவு வேண்டும். பகல் வெயிலில் நிறம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், கூரைக்கு அடியில் நிழலில் செய்யுங்கள். தோய்க்க எண்ணெய்தான், தண்ணீர் வேண்டாம். தண்ணீரில் இந்த இரும்பு 'டிங்' என்று ஒரு சத்தம் போடும், அது விரிசல். சமையல் செம்பனை எண்ணெயே போதும், கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் சூடாக்கி, மூடி உள்ள இரும்பு வாளியில் வையுங்கள், பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு அணைக்கலாம். பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கவே கூடாது. (வேல்ஸ் நாட்டு டின் தகட்டு ஆலைகளில் இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் ஏற்றும்போது செம்பனை எண்ணெயைத்தான் பயன்படுத்தினார்கள். நம் ஊர் இரண்டு சரக்கும் அங்கே ஒரே தொட்டியில் சந்தித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு.) முழு உளியையும் முக்காதீர்கள், வெட்டுவாய் இரண்டு அங்குலம் போதும், மேல்பகுதி மென்மையாக இருந்தால்தான் நெம்பும்போது தாங்கும்.

தோய்த்ததோடு விட்டால் கண்ணாடிதான், கீழே விழுந்தால் போய்விடும். உடனே பதம் இறக்க வேண்டும். வெட்டுவாயை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சால் மெதுவாகச் சூடு காட்டுங்கள். முதலில் வெளிர் வைக்கோல் நிறம் தலைகாட்டும், அப்போது 220-க்கு மேல். அது பழுப்பாகி, ஊதாவாகி, கத்தரிப்பூ நிறம் தாண்டி 300-ஐ நெருங்கும்போது நீலம் வரும். நிறங்கள் ஒன்றன் பின் ஒன்றாக விளிம்பை நோக்கி ஊர்ந்து வருவதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி. வைக்கோல் நிறம் கத்திக்கு, நீலம் உளிக்கு. விளிம்பில் நீலம் வந்து, அது மங்கிச் சாம்பலாகத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். அரம் கஷ்டப்பட்டுக் கடித்தால் சரி. கடிக்கவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்கள். வெண்ணெய் மாதிரி கடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டி2-வை இப்படி வீட்டு உலையில் செய்யவே முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்கு 1000 டிகிரிக்கு மேல் வேண்டும், உள்ளே வரை ஊறும்படி அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைக்க வேண்டும், காற்றுப் படக்கூடாது. கருவி இரும்பை வைத்துப் பழக ஆசை என்றால் ஓ1 வாங்குங்கள், அசாப் கடையில் டிஎஃப்-2 என்பார்கள். 800 டிகிரி, எண்ணெய், பிறகு பதம் இறக்கினால் முடிந்தது. பஞ்ச், சின்ன உளி, சீவு கத்தி இவற்றுக்கு அது நம் உலைக்கு அடங்கும் இரும்பு.

உளி உடைவதில் பாதிக்கு மேல் இரும்பின் குற்றமே இல்லை, வெல்டிங் குற்றம். குழாய்ப் பூணைப் பட்டையில் அப்படியே வெல்டிங் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் தானாகவே தோய்ந்து கண்ணாடியாகிவிடும், சில சமயம் மறுநாள் காலையில் தொடாமலே வெடித்திருக்கும். முதலில் பூணை வெல்டிங் வையுங்கள், பிறகுதான் வெட்டுவாய்க்குப் பதம். வெல்டிங்குக்கு முன் பட்டையை 250 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள், காய்ந்த 7018 குச்சி போடுங்கள், முடிந்ததும் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். மில் பாய்லர் சாம்பல் ஒரு சாக்கு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

இனி அப்பாவின் சுத்தியல். மில்லில் பயோகேஸ் பக்கம் வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது தீப்பற்றும் வாயு உள்ள இடத்துக்கென்று செய்த பொறி பறக்காத சுத்தியலாக இருக்கலாம். அவை இரண்டு வகையில் வரும், ஒன்று அலுமினிய வெண்கலம், இன்னொன்று 2 சதவீதம் அளவு பெரிலியம் சேர்ந்த செம்பு. இரண்டும் பார்வைக்குப் பொன்னிறம். பெரிலியம் செம்பு மற்ற செம்புக் கலவைகளைவிட நல்ல கடினம் உள்ளது, சும்மா வைத்துப் புழங்குவதில் ஆபத்து இல்லை. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் ஆறாத நோயைக் கொண்டுவரும், வருடங்கள் கழித்துக்கூட வரும். முகம் நசுங்கியிருக்கிறது, கிரைண்டரில் சீர்செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் படத்தில் கைப்பிடித் துளைக்குப் பக்கத்தில் ஏதோ எழுத்து தெரிகிறது, அழுக்கு மூடியிருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். பெரும்பாலும் எந்தக் கலவை என்று ஆங்கில எழுத்தில் குத்தியிருப்பார்கள்: ஏ-எல் என்று தொடங்கினால் அலுமினியம், பி-இ என்று வந்தால் பெரிலியம். எழுத்து அழிந்துபோயிருந்தால் அந்த எக்ஸ்ரே துப்பாக்கியும் பெரிலியத்தைக் காட்டாது, அது அவ்வளவு லேசான தனிமம். ஆனால் அலுமினியம் 10-ஐ ஒட்டி, இரும்பு சில சதவீதம் என்று காட்டினால் வெண்கலம் என்று எடுத்துக்கொள்ளலாம், கிட்டத்தட்ட வெறும் செம்பு என்றே காட்டினால் பெரிலியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு எழுத்தைக் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.